துரையின் பெயர் இருக்கிறது. பாட்டியின் பெயர் எங்கே?

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும்.

தாத்தாவுக்குத் தாத்தா பெயர்? சிலருக்குத் தெரிந்திருக்கலாம்.

சரி, பாட்டிக்குப் பாட்டியின் பெயர் என்ன?

யோசித்துப் பாருங்கள். வராது!

ஆரணியில் ஒரு தறி வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பெரியவர் ஒருவர் தறியில் உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்துகொண்டிருந்தார். தம் அப்பா, தாத்தா, பாட்டனார், அவருக்கும் மேலே ஒருவர் என்று நான்கு தலைமுறை ஆண்களின் பெயர்களை மடமடவென்று சொன்னார்.

"உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன ஐயா?" என்றேன்.

நாடா நின்றுவிட்டது. அவர் தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "பொம்பளைங்க பேரை யாரு எழுதி வெச்சா?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை.

கடல் கடந்து வரும் தேடல்

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இன்று பலர் தங்கள் முன்னோர்களைத் தேடுகிறார்கள். "எங்கள் கொள்ளுத் தாத்தா இந்தியாவில் தோட்டத்துரையாக இருந்தார்" என்பார்கள். காப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம், அவுரித் தோட்டம் என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள்.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செத்துப் போன ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அது அவ்வளவு கடினம் அல்ல. துரை என்றால் சொத்து உண்டு. சொத்து என்றால் காகிதம் உண்டு.

முதலில் மாதா கோவில் புத்தகம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுதி வைப்பார். சென்னை ராஜதானியில் எழுதியவற்றின் நகல் லண்டனுக்குப் போகும். அந்த நகல்கள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அடுத்தது உயில். சென்னையில் 1801-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. 1862-ல் ஹைகோர்ட்டு வந்தது. வெள்ளைக்காரர்களின் உயில்கள் கோர்ட்டில் பதிவாயின. யாருக்கு வீடு, யாருக்குக் குதிரை, யாருக்கு வெள்ளிக் கரண்டி என்பதெல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாவது நிலம். ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. ஊட்டியை உருவாக்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை. 1820-களில் அவர் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு நிலம் வாங்கினார் என்பது பிரசித்தமான செய்தி.

வாங்கியவர் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். விற்ற தோடரின் பெயர் யாருக்காவது தெரியுமா?

நான்காவது கோர்ட்டு வழக்கு. துரை நொடித்துப் போனால் காகிதம் இன்னும் அதிகம்! இலங்கையில் 1869-ல் காப்பிச் செடிக்கு இலை நோய் வந்தது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. 1884-ல் ஓரியண்டல் பாங்கு என்ற பெரிய பாங்கே கவிழ்ந்தது. தோட்டங்கள் அடமானத்துக்கும் ஏலத்துக்கும் போயின. கடன் பத்திரம், அடமானப் பத்திரம், கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன.

ஆகவே, வாழ்ந்த துரைக்கும் காகிதம் உண்டு. கெட்ட துரைக்கும் காகிதம் உண்டு.

கூலிக்கு என்ன காகிதம்?

அதே இலங்கைத் தோட்டத்தில் வேலை செய்த நம் மக்களுக்கு என்ன காகிதம் இருந்தது?

"துண்டு" இருந்தது.

துண்டு என்றால் என்ன? தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவன் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்குத்தான் அவன் போக முடியும். 1921-ல்தான் இந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

துரையின் காகிதம் அவருடைய சொத்தைச் சொல்கிறது. கூலியின் காகிதம் அவனுடைய கடனைச் சொல்கிறது. வித்தியாசத்தைப் பார்த்தீர்களா?

கடல் கடந்து போனவர்களுக்கு இன்னொரு காகிதம் உண்டு. அது கப்பல் பட்டியல்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி "டுரூரோ" என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. அதில் 342 பேர் இருந்தார்கள். அதன் பின் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,000 பேருக்கும் மேல். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்தும் பலர் போனார்கள். ஆரணி அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

கப்பல் பட்டியலில் என்ன எழுதினார்கள்? பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு.

தகப்பன் பெயருக்கு இடம் உண்டு. தழும்புக்கும் இடம் உண்டு. தாயின் பெயருக்கு இடம் இல்லை!

நியூசிலாந்துப் பேத்தி

இப்போது ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

டார்ஜிலிங் பக்கத்தில் காலிம்போங் என்று ஒரு மலையூர். அங்கே 1900-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிரகாம் என்பவர் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். யாருக்காக?

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகளுக்கும், இந்த நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக!

துரை தோட்டத்தில் தனியாக இருப்பார். ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துவார். பிள்ளைகள் பிறக்கும். ஆனால் ஊரறிய "என் மனைவி, என் மக்கள்" என்று சொல்ல மாட்டார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்த்துவிடுவார்.

1908 முதல் 1938 வரை அந்தப் பிள்ளைகளில் சுமார் 130 பேரைக் கப்பலில் ஏற்றி நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆண் பிள்ளைகளுக்குப் பண்ணை வேலை. பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை.

அங்கே போனவர்களில் பலர் தங்கள் பிறப்பைப் பற்றித் தங்கள் பிள்ளைகளிடம் வாய் திறக்கவே இல்லை.

அப்படிப் போனவர்களில் ஒருவர் லோர்னா பீட்டர்ஸ். அவர் தகப்பனார் அசாம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர். லோர்னாவின் பேத்தி ஜேன் மக்கேப். அவர் படித்துச் சரித்திர ஆசிரியரானார். தம் பாட்டியின் கதையைத் தேடிப் புறப்பட்டார். காலிம்போங் பள்ளியில் பத்திரமாக இருந்த கோப்புகளும் கடிதங்களும் அவருக்கு உதவின. தம் பாட்டியைப் போலப் போன அத்தனை குடும்பங்களையும் ஆராய்ந்து 2017-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

தகப்பன் வழியைத் தேடுவது சுலபம். துரை எழுதிய கடிதம் இருக்கும். அவர் கட்டிய பணத்துக்குக் கணக்கு இருக்கும். தாயின் வழி? பல பிள்ளைகளுக்குத் தாயின் பெயர்கூடக் கிடைப்பதில்லை.

பத்து மாதம் சுமந்தவள் அவள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அவள். கோப்பில் அவளுக்கு ஒரு வரி இல்லை!

லண்டன் வரை போன வழக்கு

"அப்படியானால் தாயின் வழியைக் கண்டுபிடிக்கவே முடியாதா?" என்று கேட்பீர்கள்.

சில சமயம் முடியும். கோர்ட்டுக்குப் போனால்!

நம் சென்னை ராஜதானியிலேயே ஒரு வழக்கு நடந்தது. ஹியூஸ் என்று ஓர் ஆங்கிலேயர். இந்த நாட்டுப் பெண் வழியில் அவருக்குப் பிள்ளைகள் உண்டு. சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகள் இந்துக்களாகவே வளர்ந்தார்கள். இந்துக் கூட்டுக் குடும்பத்தைப் போல ஒன்றாகச் சொத்தை வைத்து ஆண்டார்கள்.

பிறகு சொத்துத் தகராறு வந்தது. "இவர்கள் யார்? வெள்ளைக்காரர்களா, இந்துக்களா? எந்தச் சட்டம் இவர்களுக்கு?" என்ற கேள்வி எழுந்தது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அன்று நம் நாட்டு வழக்குகளுக்கு அதுதான் கடைசிக் கோர்ட்டு.

1861-ல் தீர்ப்பு வந்தது. தகப்பன் ஆங்கிலேயர் என்ற ஒரே காரணத்தால் பிள்ளைகள் இந்துக்கள் அல்ல என்று ஆகிவிடாது; இந்துக்களாக வளர்ந்து இந்துக்களாக வாழ்ந்தவர்களுக்கு இந்து சட்டப்படி உரிமை உண்டு என்பது அதன் சாரம். பின்னர் சென்னை ஹைகோர்ட்டும் தாய் வழியாக அவர்களுக்கு உள்ள உறவையும் வாரிசு உரிமையையும் ஏற்றுக்கொண்டது.

சட்டப் புத்தகங்களில் இந்த வழக்குக்கு என்ன பெயர் தெரியுமா? "மைனா பாய் எதிர் உத்தராம்". ஆங்கிலேயர் பெயரை வக்கீல்கள்கூட மறந்திருப்பார்கள். முதலில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர்!

கோர்ட்டுக்குப் போனதால் அந்தக் குடும்பத்தின் கதை பிழைத்தது. போகாத குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுடைய தாய்மார்கள் எங்கே?

எங்கள் அத்தையின் தகரப் பெட்டி

"துரை கதை நமக்கு எதற்கு? நாங்கள் தறிக்காரர்கள்" என்று ஆரணியில் ஒருவர் கேட்டார்.

நமக்கும் அது வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு ஆரணியில் தூரத்து உறவில் ஓர் அத்தை உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய தகப்பனார் கூலிக்கு நெய்து, காசு சேர்த்து, சொந்தத் தறி போட்டு, வீடும் கட்டியவர். முதல் மனைவி இறந்த பின் அத்தையின் தாயாரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

தகப்பனார் காலமானார். தாயாரும் போய்ச் சேர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கும் பேச்சு வந்தது. அப்போது மூத்த தாரத்துப் பேரப்பிள்ளைகள் ஒரு வார்த்தை சொன்னார்கள்.

"உங்க அம்மாவை எங்க தாத்தா கல்யாணமே பண்ணிக்கல. உங்களுக்குப் பங்கு கிடையாது."

அத்தை அழுதார். வீட்டுக்காக அல்ல. "எங்கம்மாவை இப்படிச் சொல்லிட்டாங்களே!" என்று அழுதார்.

சர்க்கார் ஆபீசுக்கு நடந்தார். "உன் தாயார்தான் அவர் மனைவி என்பதற்குக் காகிதம் கொண்டு வா" என்றார்கள். பட்டாவில் தாயார் பெயர் இல்லை. வரி ரசீதில் இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்த குடும்பம் அல்ல அது. தாலி கட்டியதைப் பார்த்த கிழவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.

பரணிலே ஒரு தகரப் பெட்டி. பழைய காகிதம் என்று எடைக்குப் போட இருந்தார்கள். அதைக் கிளறிப் பார்த்ததில் ஓர் அடமானப் பத்திரம் அகப்பட்டது. பட்டு நூல் வாங்கப் பணம் போதாமல் தகப்பனார் ஒரு காலத்தில் வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். அந்தப் பத்திரத்தில் தம் மனைவி என்று தாயாரின் பெயரை எழுதி, அவர் கைநாட்டையும் வாங்கியிருக்கிறார். பத்திரம் முறைப்படி பதிவானது.

அவ்வளவுதான். எதிர்த்தரப்பார் வாயடைத்துப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சமாதானம் ஆயிற்று. அத்தைக்குப் பங்கு கிடைத்தது.

பங்குப் பணத்தை எண்ணுவதற்கு முன் அத்தை என்ன செய்தார் தெரியுமா? பத்திரத்தில் தாயாரின் கைநாட்டு இருந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாழ்ந்த துரைக்கு உயில் சாட்சி. நொடித்த துரைக்கு வழக்குச் சாட்சி. எங்கள் பாட்டிக்கு ஒரு கடன் பத்திரம் சாட்சி! கடன் வாங்கியிராவிட்டால் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

இது நியாயமா?

குப்பையைக் கிளறலாமா?

"பழைய குப்பையை எதற்குக் கிளற வேண்டும்? மானம் போகும்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

யார் மானம் போகும்? துரையோடு வாழ்ந்த பெண்ணின் மானமா? அவள் என்ன குற்றம் செய்தாள்? பிள்ளை என்ன குற்றம் செய்தது? பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லாதவர் அல்லவா வெட்கப்பட வேண்டும்?

இன்னொரு கட்சியும் உண்டு. "நம்மை ஆண்டு, சுரண்டிப் போனவர்களின் பேரன்கள் வந்து பெருமை தேடுகிறார்கள். நாம் ஏன் உதவ வேண்டும்?" என்பார்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வருகிறவர் வரட்டும். தேடட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. துரையின் கல்லறையைக் கண்டதும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகாதீர்கள். அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டியவர் யார், கொழுந்து கிள்ளியவள் யார், உங்கள் தாத்தாவுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் யார் என்றும் கேளுங்கள். நியூசிலாந்துப் பேத்தி அப்படித்தான் தேடினார். அதனால்தான் அவர் கதை நம் மனத்தைத் தொடுகிறது.

காந்திஜி செய்ததை நினைத்துப் பாருங்கள். 1894-ல் டர்பன் நகரில் பாலசுந்தரம் என்ற தமிழர் அவரிடம் ஓடி வந்தார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுகியது. காந்திஜி அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் மாற்றிவிட்டார்.

பிற்காலத்தில் சுயசரிதை எழுதியபோது முதலாளியின் பெயரைக் காந்திஜி சொல்லவில்லை. டர்பனில் பெயர் பெற்ற ஒரு வெள்ளைக்காரர் என்பதோடு விட்டுவிட்டார். கூலிக்காரரின் பெயரை எழுதினார். இன்று உலகம் எங்கும் பாலசுந்தரத்தின் பெயர் தெரியும். பெயர் பெற்ற அந்த முதலாளியின் பெயர் யாருக்குத் தெரியும்?

எழுதுகிறவர் மனம் வைத்தால் ஏழையின் பெயரும் நிற்கும்!

செய்ய வேண்டியவை

ஆகவே நான் இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, சர்க்காருக்கு. சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் ஏற்பட்டது. ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்துக் காகிதமும் அங்கே உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் அங்கே போகிறார்கள். ஆரணித் தறிக்காரர் போனால் என்ன தெரியும்? அந்தக் காலத்துக் காகிதங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷ். சாதாரண ஜனங்களும் தேடும்படி தமிழில் அட்டவணை வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் வழி காட்ட ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டுப் பேரனுக்கு லண்டனில் இருக்கிற வசதி, உள்ளூர்ப் பேத்திக்கு இங்கே வேண்டாமா?

இரண்டாவது, உங்களுக்கு.

பழைய பத்திரங்களை எடைக்குப் போடாதீர்கள். பட்டா, கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், கோர்ட்டுத் தீர்ப்பு, ரேஷன் கார்டு, நூல் கடை ரசீது எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டு, நனையாத இடத்தில் வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு ஒவ்வொன்றும் என்ன என்று மேலே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இன்றே அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நோட்டை எடுங்கள். அம்மாவின் அம்மா, அவள் அம்மா என்று கேட்டு எழுதுங்கள். பெயர், பிறந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எழுதினால் போதும். கிழவிக்கு எத்தனை சந்தோஷம் என்று பாருங்கள்!

வீடோ நிலமோ வாங்கினால் பெண்கள் பெயரையும் சேருங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் இந்தியா முழுவதும், பிதிரார்ஜித சொத்திலும் மகளுக்குச் சம பங்கு என்று ஆயிற்று. சட்டம் வந்துவிட்டது. காகிதத்தில் பெயர் வர வேண்டாமா?

அந்தத் தறி வீட்டுப் பெரியவர் நான் புறப்படும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"தம்பி, வெறும் பாவை வெச்சு சேலை நெய்ய முடியாது. குறுக்கே ஊடை ஓடணும். நாங்க நாலு தலைமுறையா பாவு பேரையே சொல்லிக்கிட்டிருந்திருக்கோம்."

பிறகு தம் மனைவியைப் பார்த்து, "உங்க அம்மா பேரு முனியம்மா. அவங்க அம்மா பேரு என்ன? யோசிச்சுச் சொல்லு. எழுதிக்கலாம்" என்றார்.

பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தாள்.